போன் ஸ்லோவா, வெப்சைட் ஸ்லோவா? குமரி மாவட்டத்துல கடைக்காரங்களும் சைட் பண்ற பசங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஜவுளிக்கடை, லாட்ஜ், தேன் விக்கிறவங்க, டியூஷன் சென்டர்னு சின்ன ஆளுங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கிறது என் வேலை. நெட் ஸ்பீடு பத்தி எல்லாரும் பேசுதாங்க, கையில இருக்குற போனோட ப்ராசஸர் பத்தி யாரும் பேசுறதில்ல, ஆனா பட்டனை அமுக்குனதும் ஏதாவது நடக்குதா இல்ல கல்லு மாதிரி நிக்குதாங்கிறதுக்கு ரொம்ப நேரம் காரணமே அதுதான். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா போடுதேன்.

எங்க கடை சைட் என் லேப்டாப்ல பறக்குது தம்பி, கஸ்டமர் மட்டும் "அமுக்குனா ஒண்ணும் நடக்கல"ன்னு சொல்லுதாங்க. யாரு சொல்றது சரி?

ரெண்டு பேர் சொல்றதும் சரிதாண்ணே. சைட்டை அனுப்பி வைக்கிறது தான் முக்கியமா சர்வரோட (சைட்டை வச்சிருக்குற கம்ப்யூட்டரோட) வேலை, வந்து சேர்ந்த பிறகு அதை ஓட்டுறது பாக்குறவங்க போன். மெனு திறக்கிறது, சேலை பில்டர் பண்றது, கார்ட்ல சேக்குறது எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற கோடு, அது அவங்க போனோட ப்ராசஸர்ல தான் ஓடுது. உங்க கடையில "காட்டன் மட்டும் காட்டு"ன்னு ஒரு பட்டன் இருக்குன்னு வைங்க, அதை அமுக்குனா இருக்குற அத்தனை சேலையையும் கோடு ஒவ்வொண்ணா பாத்து, வேண்டாததை எடுத்துட்டு, மிச்சத்தை மறுபடி அடுக்கி, ஸ்க்ரீன்ல வரையணும். உங்க லேப்டாப்புக்கு இது 60 மில்லிசெகண்ட் வேலைன்னா, அதுல நாலுல ஒரு பங்கு வேகம் உள்ள போனுக்கு 240, ஆறுல ஒரு பங்குன்னா 360. கோடு ஒண்ணுதான், ஒரு எழுத்து மாறல, ஆனா உங்களுக்குத் தெரியாத தாமதம் அவங்க விரலுக்குத் தெரியுது. பத்துல ஒரு செகண்டுக்குள்ள, அதாவது 100 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வந்தா மனுசனுக்கு "உடனே நடந்துச்சு"ன்னு தோணும், அதைத் தாண்டத் தாண்ட தான் "என்ன ஆச்சு, அமுக்குனேனா இல்லையா"ன்னு சந்தேகம் வரும்.

இது எல்லாம் நெட் ஸ்லோன்னு தானே? கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம்லாம் சிக்னலே கிடையாதே.

சிக்னல் ஒரு காரணம் தான், இல்லன்னு சொல்லல, ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சைட்டை முழுசா லோட் ஆக விடுங்க. அப்புறம் போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க. இப்ப மெனுவை அமுக்குங்க, போட்டோவைத் தள்ளிப் பாருங்க, கேள்வி பதில் பகுதி விரியுற இடம் இருந்தா அதைத் தொடுங்க. நெட்டே இல்லாதப்பவும் அதே மாதிரி இழுத்து இழுத்து திறந்தா அது ப்ராசஸரும் கோடும் சேர்ந்து பண்ற வேலை, ரீசார்ஜ் பண்ணியோ சிம் மாத்தியோ சரியாகாது. கார்ட்ல சேக்குறது, பேமென்ட் மாதிரி சர்வரைக் கேக்குற பட்டன்களை இதுல கணக்குல எடுக்காதீங்க, அது நெட் இல்லாம வேலை செய்யாது.

என் போன் எட்டு கோர்னு டப்பாவுல போட்டிருக்கு, அப்புறமும் ஏன் சைட் திணறுது?

இதுதான் எல்லாரும் ஏமாறுற இடம், கொஞ்சம் விரிவா சொல்லுதேன். கோர்ங்கிறது ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை பாக்குற ஒரு ஆள் மாதிரி.

ஒரு வெப்பேஜுக்கு மெயின் த்ரெட்னு ஒரே ஒரு பாதை தான் உண்டு. நீங்க அமுக்குனதைக் கவனிக்கிறது, கோடை ஓட்டுறது, எது எங்க உக்காரணும்னு கணக்கு போடுறது, எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே பாதையில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா தான் போகும். விவேகானந்தர் பாறைக்குப் போற படகு டிக்கெட் வரிசையை நினைச்சுக்கிடுங்க: ஒரே கவுன்டர் திறந்திருக்கு, முன்னாடி நிக்கிறவரு ஒரு டூரிஸ்ட் பஸ் ஆளுங்க அம்பது பேருக்கும் சேர்த்து வாங்குறாரு, பின்னாடி நிக்கிற உங்களுக்கு ஒரே டிக்கெட் தான் வேணும், ஆனாலும் அவரு முடிக்கிற வரைக்கும் நின்னுதான் ஆகணும். கடல்ல எத்தனை படகு நின்னாலும் கவுன்டர் ஒண்ணுன்னா அந்த வரிசை அப்படித்தான்.

அதனால சைட்டுக்கு முக்கியம் எத்தனை கோர்ங்கிறது இல்ல, ஒரு கோர் தனியா எவ்வளவு வேகம்ங்கிறது தான். மீடியாடெக் ஹீலியோ பி35ங்கிற ப்ராசஸர்ல எட்டு கோர் இருக்கு, எட்டும் கார்டெக்ஸ் ஏ53, அது 2012ல அறிவிச்ச சின்ன கோர், கரென்ட் கம்மியா இழுக்கணும்னு செஞ்சது. ஹீலியோ ஜி85லயும் எட்டு தான், ஆனா அதுல ரெண்டு கோர் பெரிய ஏ75, மிச்சம் ஆறு ஏ55. டப்பாவுல ரெண்டுக்கும் "ஆக்டா கோர்"னு ஒரே மாதிரி தான் இருக்கும், சைட்டைத் திறந்தா வித்தியாசம் கையில தெரியும். வெப் வொர்க்கர்னு ஒண்ணு வச்சு கணக்கு வேலையை வேற கோருக்குத் தள்ளலாம் தான், ஆனா அதால ஸ்க்ரீனைத் தொட முடியாது, கணக்கை முடிச்சு மெயின் த்ரெட் கிட்ட தான் குடுக்கணும். பெரும்பாலான சைட் அதைப் பயன்படுத்துறதே இல்ல.

ஸ்க்ரோல் பண்ணா நல்லா வழுக்கிட்டு போகுது, பட்டனை அமுக்குனா தான் நிக்குது. இது என்ன கூத்து?

ஸ்க்ரோலை பிரவுசர் வேற ஒரு த்ரெட்ல பாத்துக்கிடும், மெயின் த்ரெட் பிஸியா இருந்தாலும் ஸ்க்ரோல் ஓடும். அதனால போன் நல்லாத்தான் இருக்கு போலன்னு தோணும். சில கோடு ஸ்க்ரோல் பண்ணும்போதும் "என்னைக் கேட்டுட்டு போ"ன்னு குறுக்க நிக்கும், அப்படி எழுதியிருந்தா ஸ்க்ரோலும் திக்கும், அதுக்கு பேஸிவ் லிசனர், அதாவது "எனக்காக நிக்காம ஸ்க்ரோல் பண்ணிக்கோ"ன்னு பிரவுசருக்கு சொல்ற குறிப்பு, போட்டா போதும்.

பேஜ் வந்துருச்சு, பட்டன்லாம் தெரியுது, ஆனா முதல் கொஞ்ச நேரம் எதை அமுக்குனாலும் அசைவே இல்ல, ஏன்?

இப்ப நிறைய சைட் ரியாக்ட் மாதிரி ஃப்ரேம்வொர்க்ல (சைட் கட்ட ரெடியா கிடைக்கிற கோடு தொகுப்புல) வருது. சர்வர்லயே பேஜை வரைஞ்சு அனுப்புதாங்க, அதனால பாக்குறதுக்கு சீக்கிரம் வந்துரும், ஆனா அந்தப் பட்டன்களுக்கு உயிர் குடுக்கிற ஜாவாஸ்கிரிப்ட் பின்னால வந்து, போன் அதைப் படிச்சு, ஓட்டி முடிச்ச பிறகுதான் வேலை செய்யும், இதுக்கு ஹைட்ரேஷன்னு பேரு. நல்ல போன்ல இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது, ஆறாயிரம் ரூபா போன்ல நல்லாவே தெரியும். இதோட சேத்து சாட் பெட்டி, ஆஃபர் பாப்அப், விளம்பரக் கணக்கு, ரிவ்யூ காட்டுறது, பின்னால சிமிட்டுற அனிமேஷன்னு அடுத்தவன் ஸ்கிரிப்ட் ஒவ்வொண்ணும் அதே வரிசையில வந்து நிக்கும்.

இதுல எல்லாரும் மறக்குற ஒண்ணு இருக்கு: 200 கேபி போட்டோவும் 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் டவுன்லோடுக்கு ஒரே நேரம் தான் எடுக்கும், ஆனா போன் படுற பாடு ஒண்ணு இல்ல. போட்டோவை பிரிச்சு காட்டுனா முடிஞ்சுது. ஸ்கிரிப்டை படிக்கணும், ப்ராசஸருக்குப் புரியுற மாதிரி மாத்தணும் (கம்பைல்), ஓட்டணும், அது போடுற வேலையை எல்லாம் செய்யணும்.

கூகுள் ஐஎன்பின்னு ஒண்ணு சிவப்புல காட்டுது, அது என்ன?

இன்டராக்ஷன் டு நெக்ஸ்ட் பெயிண்ட். நீங்க தொட்டதுல இருந்து, அதுக்குப் பதிலா ஸ்க்ரீன்ல அடுத்த மாற்றம் வரையுற வரைக்கும் எவ்வளவு நேரம்ங்கிறது. 200 மில்லிசெகண்ட் வரை நல்லது, 500ஐத் தாண்டுனா மோசம், நடுவுல இருந்தா சரி பண்ணணும். 2024 மார்ச் 12ல இருந்து கூகுள் சைட்டை எடை போடுற கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகள்ல எஃப்ஐடிங்கிற (ஃபர்ஸ்ட் இன்புட் டிலே) பழைய அளவை எடுத்துட்டு இதைப் போட்டாங்க. அந்தப் பழைய எஃப்ஐடி முதல் தடவை தொட்டப்ப கோடு ஆரம்பிக்க எவ்வளவு நேரம் காத்திருந்துச்சுன்னு மட்டும்தான் பாத்துச்சு, அதனால நிறைய சைட் சுலபமா பாஸாச்சு. ஐஎன்பி அப்படி இல்ல, நீங்க பேஜ்ல இருக்குற நேரம் முழுக்க தொடுறது, கிளிக் பண்றது, டைப் பண்றது எல்லாத்தையும் பாக்கும், அதுல கிட்டத்தட்ட இருக்குறதுலயே மோசமானதை எடுத்துக்கிடும். ஸ்க்ரோல் இதுல சேராது.

அந்த நேரத்துக்குள்ள மூணு துண்டு இருக்கு. தொட்ட பிறகு கோடு ஆரம்பிக்கிற வரை காத்திருக்கிறது ஒண்ணு, கோடு ஓடுற நேரம் ரெண்டாவது, முடிஞ்ச பிறகு ஸ்க்ரீன்ல வரையுற நேரம் மூணாவது. எந்தத் துண்டு பெருசுன்னு பாக்காம சரி பண்ண இறங்குனா நாள் தான் வீணாகும்.

கூகுளோட பேஜ்ஸ்பீட் டெஸ்ட்ல எங்க சைட்டுக்கு 90க்கு மேல மார்க் வருதே, அப்புறம் என்ன?

அந்த மார்க் பேஜ் லோட் ஆகுறதைப் பாத்து போடுறது, அதுக்குள்ள ஓடுற லைட்ஹவுஸ்ங்கிற டூல் பேஜைத் திறக்கும், உள்ள போயி பட்டனை அமுக்கிப் பாக்காது. டோட்டல் பிளாக்கிங் டைம்னு, லோட் ஆகும்போது மெயின் த்ரெட் எவ்வளவு நேரம் அடைபட்டு கிடந்துச்சுங்கிற ஒரு அளவை வச்சு ஒரு ஊகம் சொல்லும், அவ்வளவுதான். நிஜமா மக்கள் அமுக்குனப்ப என்ன ஆச்சுங்கிறது மேல தனியா காட்டுற பகுதியில இருக்கும், அது கடைசி 28 நாள்ல குரோம்ல வந்தவங்க கிட்ட இருந்து சேத்தது, அதுலயும் நாலுல மூணு பேருக்கு நல்லா இருக்கணும்னு பாக்குதாங்க. உங்க சைட்டுக்கு ஆள் வரத்து கம்மின்னா அந்தப் பகுதி காலியா கிடக்கும், நம்ம மாவட்டத்துல சின்ன கடைகளுக்கு பெரும்பாலும் காலியா தான் இருக்கும். அப்ப நாமளே தான் கையில வச்சு பாக்கணும்.

மக்கா, என்கிட்ட இருக்கது நல்ல லேப்டாப். அதுலயே சின்ன போன் மாதிரி டெஸ்ட் பண்ண முடியாதா?

முடியும் மக்கா. குரோம்ல டெவ்டூல்ஸ் (டெவலப்பருக்கான டூல் பகுதி) திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போ, சிபியூ த்ராட்லிங்னு, அதாவது ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கிறதுன்னு, இருக்கும், 4 மடங்கு, 6 மடங்கு, 20 மடங்குன்னு குறைச்சு ஓட்டலாம். லைட்ஹவுஸ் மொபைல் டெஸ்டும் வழக்கமா 4 மடங்கு குறைச்சு தான் பாக்கும். ஆனா 4 மடங்குங்கிறது உன் லேப்டாப்ல இருந்து 4 மடங்கு, உன்கிட்ட இருக்கது ரொம்ப வேகமான மிஷின்னா 4 மடங்கு குறைச்சாலும் அது ஒரு நல்ல போன் மாதிரி தான் இருக்கும், நம்ம ஆளுங்க போன் மாதிரி இருக்காது. 6ல போட்டு ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டு உன் மெனுவை ஒரு தடவை திற, நிறுத்திட்டு பாரு, ஓரத்துல சிவப்புக் கோடு போட்ட கட்டைகள் தெரியும், அது ஒவ்வொண்ணும் 50 மில்லிசெகண்டைத் தாண்டுன லாங் டாஸ்க். அதை அமுக்குனா எந்த ஃபைல்ல எந்த ஃபங்ஷன்னு வரைக்கும் காட்டும்.

ஒரு குறை என்னன்னா, இது சிபியூவை மட்டும் தான் குறைக்கும். ரேம் கம்மி, ஸ்டோரேஜ் ஸ்லோ, கிராபிக்ஸ் வீக், சூடாகுறது, இது எதுவும் லேப்டாப்ல வராது. அதுக்கு நிஜ போன் தான் வேணும்.

லாட்ஜ் புக்கிங்ல கஸ்டமர் எல்லாம் டைப் பண்ணி ஓடிபி பாக்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தா ஃபார்ம் காலியாகிப் போகுதாம். இதுவும் ப்ராசஸரா?

இது ரேம். 2 ஜிபி, 3 ஜிபி போன்ல ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்குப் போனா, பின்னால இருக்கிற பேஜை ஆண்ட்ராய்டு தூக்கி எறிஞ்சுரும், திரும்பி வந்தா பேஜ் முதல்ல இருந்து லோட் ஆகும். அய்யப்ப சீசன்ல கன்னியாகுமரியில ரூம் தேடுற ஒருத்தர் பேரு, ஊரு, தேதி, ஆள் எண்ணிக்கை, போன் நம்பர்னு எல்லாம் நிதானமா தட்டி, ஓடிபி வந்து, பாத்துட்டு திரும்புனா எல்லாம் வெள்ளையா கிடக்கு, இன்னொரு தடவை தட்டுவாரா, பக்கத்து லாட்ஜுக்கு போன் போட்டுருவாரு. டைப் பண்ணப் பண்ண ஃபார்ம்ல இருக்குறதை பிரவுசர்லயே சேவ் பண்ணி வைக்க சொல்லுங்க உங்க டெவலப்பர் கிட்ட, சின்ன வேலை தான். ஓடிபி பெட்டிக்கு ஆட்டோகம்ப்ளீட்ல ஒன் டைம் கோடுன்னு குறிச்சா பல போன்ல கீபோர்டே அந்த நம்பரை எடுத்துக் குடுக்கும், வெளிய போற வேலையே மிச்சம்.

காலையில நல்லா ஓடுது, மதியம் பீச்ல நின்னு பாத்தா அதே போன் அதே சைட் திணறுது, ஏன்?

சூடு. போன் சூடானா ப்ராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கிடும், இல்லன்னா கருகிப் போயிரும். முட்டம், குளச்சல் வெயில்ல, ஸ்க்ரீன் பிரைட்னஸ் முழுசா வச்சு, மேப் ஓடிக்கிட்டிருந்தா சொல்லவே வேண்டாம். பேட்டரி சேவர் போட்டாலும் வேகம் குறையும். பேட்டரி பழசானாலும் குறையலாம், ஐபோன் 6, 6எஸ், எஸ்இ, 7ல எல்லாம் பேட்டரி தேஞ்சா போனை மெதுவாக்குறோம்னு 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிட்டாங்க.

சைட்ல தமிழ்ல டைப் பண்ணி தேடுனா ஒவ்வொரு எழுத்துக்கும் இழுக்குது.

இதை இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்றவங்க பாக்கவே மாட்டாங்க. நிறைய தேடல் பெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் மொத்த லிஸ்ட்டையும் தேடி மறுபடி வரையும். தமிழ்ல "கி"ன்னு ஒரு எழுத்து வரவே பெரும்பாலான கீபோர்டுல ரெண்டு தட்டு, கூட்டெழுத்துன்னா இன்னும் கூட. "மார்த்தாண்டம் தேன்"னு முழுசா அடிக்கிறதுக்குள்ள எத்தனை தடவை அந்தக் கோடு ஓடும்னு எண்ணிப் பாருங்க, அதுல கடைசி ஒண்ணைத் தவிர மிச்சம் எல்லாம் வேஸ்ட். விரல் நின்னு ஒரு 300 மில்லிசெகண்ட் கழிச்சு தேடுற மாதிரி வச்சா போதும், அதுக்கு டிபவுன்ஸ்னு பேரு. டைப் பண்ற எழுத்து பெட்டியில வர்றது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாமதமாகக் கூடாது.

போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பி சின்னதாக்கி தான் போட்டிருக்கோம், அது பரவாயில்லையா?

ஃபைல் சைஸ் மட்டும் பாக்காதீங்க, அகல உயரமும் பாக்கணும். 4000க்கு 3000 பிக்சல் போட்டோ, ஃபைலா 500 கேபி தான் இருந்தாலும், போன் அதை விரிச்சா ரேம்ல கிட்டத்தட்ட 48 எம்பி எடுக்கும், ஒரு பிக்சலுக்கு 4 பைட் கணக்கு. போன்ல 400 பிக்சல் அகலத்துல காட்டுற சேலைக்கு 800 அகலம் இருந்தா தாராளம்.

பட்ஜெட் கம்மி, எதை முதல்ல சரி பண்ணணும்?

நான் ஒரு கடைக்காரருக்கு சொல்றதுன்னா இந்த வரிசையில தான் சொல்லுவேன். முதல்ல தூக்கி எறியறது. சாட் பெட்டியில மாசம் எத்தனை பேரு வந்து பேசுதாங்கன்னு பாருங்க, யாரும் இல்லன்னா எடுத்துட்டு ஒரு வாட்ஸ்அப் லிங்க் போடுங்க, லிங்க்னா வெறும் லிங்க், மிதக்குற ஆடுற பொம்மை இல்ல. முகப்புல தானா நகருற ஸ்லைடர், பனி கொட்டுறது, பூ விழுறது, இது எல்லாம் விலை குறைஞ்ச போனுக்கு பாரம் தவிர யாருக்கும் பிரயோஜனம் இல்ல. வேர்ட்பிரஸ்னா பயன்படுத்தாத பிளக்இன்னை எல்லாம் எடுங்க, பேஜ் பில்டர் போட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி வச்ச பெட்டி எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்குல போகும், அத்தனைக்கும் போன் கணக்கு போடணும்.

அப்புறம் தான் கோடு. அமுக்குன உடனே கண்ணுக்கு ஒரு பதில் காட்டணும், பட்டன் நிறம் மாறட்டும், "சேக்குறோம்"னு ஒரு வார்த்தை வரட்டும், அதை வரைய விட்டுட்டு பெரிய வேலையை ஆரம்பிக்கணும். பெரிய வேலையையும் துண்டு துண்டா வெட்டி நடுவுல பிரவுசருக்கு மூச்சு விட இடம் குடுக்கணும், குரோம்ல 129வது வெர்ஷன்ல இருந்து இதுக்குன்னே ஷெட்யூலர் யீல்டுன்னு ஒண்ணு இருக்கு, இல்லாத பிரவுசர்ல செட்டைம்அவுட்ங்கிற பழைய கட்டளையை வச்சே சமாளிக்கலாம். 300 சேலையையும் ஒரே தடவை வரையாம முதல் 20ஐ காட்டிட்டு கீழ வர வர மிச்சத்தைக் காட்டலாம். அனிமேஷன் வேணும்னா டிரான்ஸ்ஃபார்ம் (நகத்துறது, பெருசாக்குறது), ஒப்பாசிட்டி (மங்க வைக்கிறது) ரெண்டுல மட்டும் வைங்க, மத்தது பெரும்பாலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மெயின் த்ரெட்டை இழுக்கும். வியூபோர்ட் மெட்டா டேக் (போன் ஸ்க்ரீன் அகலத்துக்கு பேஜைக் காட்டுன்னு சொல்ற வரி) இல்லாத பழைய சைட்டா இருந்தா அதையும் போட்டுருங்க, இல்லன்னா ரெண்டு தட்டு தட்டி பெருசாக்க போறாங்களோன்னு போன் ஒவ்வொரு தட்டுக்கும் 300 மில்லிசெகண்ட் வரை காத்து நிக்கலாம்.

கஸ்டமர் ஒரே ஆர்டரை ரெண்டு தடவை போட்டுட்டு சண்டைக்கு வாறாங்க.

சண்டைக்கு வர்றது நியாயம். அமுக்குனாரு, ஒண்ணும் நடக்கல, மறுபடி அமுக்குனாரு, போன் ரெண்டையும் வரிசையில வச்சிருந்து பின்னால ரெண்டையும் அனுப்பிருச்சு. முதல் தட்டுலயே பட்டனைப் பூட்டுங்க, அதோட சர்வர்லயும் ஒரே ஆர்டர் நம்பர் ரெண்டு தடவை வந்தா ஒண்ணைத் தள்ளுற மாதிரி வைங்க. பணம் போற இடத்துல போனை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இப்ப எல்லாரும் 5ஜி போன் வாங்கிட்டாங்களே, பழைய போனுக்காக இவ்வளவு பாடுபடணுமா?

படணும்னு தான் சொல்லுவேன். தோவாளை பூ மார்க்கெட்ல விடியக்காலையில விலை பாக்குறவரு, ரப்பர் பால் வெட்டிட்டு வந்து குலசேகரத்துல ஷீட் விலை பாக்குறவரு, பேரப்பிள்ளை பழைய போனை வாங்கி வச்சிருக்குற பாட்டி, பிள்ளைக்கு காலேஜ் அப்ளிகேஷன் போடுற அம்மா, இவங்க கையில இருக்கது தான் நம்ம ஊரு போன். 5ஜிங்கிறது நெட் தான், குறைஞ்ச விலை 5ஜி போன்லயும் ப்ராசஸர் குறைஞ்ச விலை ப்ராசஸர் தான். அப்புறம், புது போன் வாங்க சொல்ற உரிமை கடைக்காரருக்கு இல்ல, சைட்டை இளைச்சதாக்க சொல்ற உரிமை கஸ்டமருக்கு இருக்கு.

எங்க அம்மா போன்ல இப்போதைக்கு என்ன பண்ணலாம்?

ஸ்டோரேஜ் நிறைஞ்சிருந்தா காலி பண்ணுங்க, குட் மார்னிங் வீடியோவை எல்லாம் அழிச்சாலே பாதி சரியாகும். குரோம்ல திறந்து கிடக்கிற டேப் எல்லாம் மூடுங்க, அவசரத்துக்கு பேட்டரி சேவரை அணைச்சுப் பாருங்க. ஆண்ட்ராய்டு 8, 9ன்னா குரோம் 138வது வெர்ஷனோட நின்னுருச்சு, அதுக்கு மேல அப்டேட் வராது, அதுல பேங்க் வேலை பாக்காம இருக்கிறது நல்லது.

சைட் டெஸ்ட் பண்ண எந்த போன் வாங்கணும்?

புதுசு வேண்டாம். செகண்ட் ஹேண்ட் விக்கிற கடையில 2 இல்லன்னா 3 ஜிபி ரேம், எட்டு கோரும் ஏ53 இல்லன்னா ஏ55 ஆ உள்ள ஆண்ட்ராய்டு 10 போன் ஒண்ணு எடுங்க. அதை ஃபேக்டரி ரீசெட் பண்ணி சுத்தமா வச்சுக்காதீங்க, வாட்ஸ்அப், பேஸ்புக், ரெண்டு பேங்க் ஆப், கொஞ்சம் வீடியோன்னு நிறைச்சு வைங்க, அப்பதான் நிஜ போன் மாதிரி இருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ல யூஎஸ்பி டீபக்கிங் போட்டு லேப்டாப்ல செருகுனா, லேப்டாப் குரோம்ல இன்ஸ்பெக்ட் பக்கத்துல அந்த போன்ல திறந்த டேப் தெரியும், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில நீங்க தொடத் தொட ஐஎன்பி நம்பர் மாறிக்கிட்டே வரும். முதல்ல மெனு, அடுத்து தேடல் பெட்டியில தமிழ், அடுத்து கார்ட், கடைசியா பேமென்ட் பட்டன், இந்த நாலையும் 200க்குள்ள கொண்டு வந்துட்டு மத்ததைப் பாருங்க.